காண்டாவனத்தில் ஒரு பல்லிப் பெட்டி

பல்லி வளர்ப்பதற்கென்று எழுதப்பட்ட கையேடு எதை எடுத்தாலும், முதல் அத்தியாயம் சூடாக்குவதைப் பற்றித்தான் இருக்கும். எந்த வாட் விளக்கு, அடியில் விரிக்கும் சூட்டுப் பாய் எந்த அளவு, இரவில் எத்தனை பாகைக்குக் கீழே விடக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் போகும். காரணம் எளிது. அவை இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் கனடாவிலும் இருப்பவர்கள், பனி கொட்டும் ஊரில் ஒரு வெப்பநாட்டுப் பிராணியை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று தங்களுக்காக எழுதிக்கொண்டவை. அந்தக் கையேட்டையும் அதனோடு வரும் விளக்கையும் பாயையும் அப்படியே ஓமந்தைக்குக் கொண்டுவந்தால், நாம் அந்தப் பிராணியைச் சமைக்கத்தான் ஏற்பாடு செய்கிறோம். வவுனியா மாவட்டத்தில் சித்திரை முதல் புரட்டாதி வரை நண்பகல் 33 முதல் 36 பாகை செல்சியஸ் வரை போவது சாதாரணம். இரவிலும் 25 பாகைக்குக் கீழே அதிகம் இறங்காது. மார்கழி, தை இரவுகளில்கூட 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே இங்கே குளிர்ச்சி என்பதன் முதல் வேலை, எதையும் வாங்குவதல்ல. சூட்டு விளக்கையும் பாயையும் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பதுதான்.

நான் சொல்ல வருவது இதுதான். வன்னியில் பல்லிப் பெட்டிக்குள் குளிர்ச்சியைக் கொண்டுபோய்ப் போட முடியாது. வெப்பம் உள்ளே வராமல் தடுக்கத்தான் முடியும். பெட்டி எந்தச் சுவரோரம் இருக்கிறது, எதனால் கட்டப்பட்டது, அதன் மேல் என்ன கூரை, பிராணி ஒளிந்துகொள்ள எவ்வளவு ஆழமான பொந்து என்ற நான்கும்தான் அதைக் காப்பாற்றும். மின்விசிறி, ஐஸ் போத்தல், தண்ணீர்த் தெளிப்பான், ஏசி எல்லாம் அதற்குப் பிறகு.

இதைக் கேட்டதும் பலர் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. "அது பாலைவனப் பிராணி. வெயில் அதுக்குப் பழக்கம். நீங்கள் ஏன் இவ்வளவு கவலைப்படுறியள்?" உலகத்தில் அதிகம் வீட்டில் வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்று, லெப்பட் கெக்கோ என்று வாங்குவோர் சொல்லும் சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய வறண்ட கல்நிலங்கள் அதன் ஊர். அந்த நிலங்களில் கோடை வெயில் 45 பாகையைத் தாண்டுவதும் உண்மை. ஆனால் அந்த வெயிலில் அந்தப் பல்லி நிற்பதில்லை என்பதை இந்த மறுப்பு மறந்துவிடுகிறது. பகல் முழுக்கக் கல்லுக்கு அடியிலும் வளையிலும் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் அது வெளியே வருகிறது. மண்ணின் இயல்பு என்னவென்றால், மேற்பரப்பு எவ்வளவு கொதித்தாலும், ஒரு அடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். மேலே ஒரு நாளில் முப்பது பாகை ஏறி இறங்கும்போது கீழே ஓரிரண்டு பாகைதான் அசையும். ஆகவே அந்தப் பல்லி வாழ்வது பாலைவனத்தின் வெப்பத்தில் அல்ல, பாலைவனத்தின் அடியில் இருக்கும் நிழலில். அந்த அடியை எடுத்துவிட்டு வெயிலை மட்டும் கொடுத்தால், அது எந்தப் பல்லிக்கும் பழக்கமில்லாத இடம்.

இதற்கு ஆப்கானிஸ்தான் வரை போகவும் தேவையில்லை. நம்முடைய காடுகளிலும் தோட்டக்கரைகளிலும் நிற்கும் கறையான் புற்றுகளில் குடியிருக்கும் ஒரு பல்லியினம் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரே புற்றை வைத்துத்தான். உடலில் கருமையான பட்டைகளும் வெள்ளைப் புள்ளிக் கோடுகளும் கொண்ட அந்தப் பல்லி, நடுப்பகலில் புற்றின் பொந்துக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் கிடக்கும். வீட்டுப் பல்லியும் அப்படியே. இரவில் விளக்கடியில் நுளம்பு பிடிக்கும் அது, பகலில் முகட்டு மரத்தின் இடுக்கிலும் படத்துச் சட்டத்தின் பின்னாலும் போய் ஒட்டிக்கொள்கிறது. வெக்கை கூடினால் இடம் மாறும். சுவரின் எந்தப் பக்கம் எப்போது ஆறும் என்று அதற்குத் தெரியும். சங்கப் புலவர்கள் பல்லியின் குரலைப் பாலைத்திணையில், கள்ளிச் செடிகளுக்கு நடுவே கேட்க வைத்தார்கள். குரல் கேட்கும் இடம் மட்டும்தான் அது. பிராணி கள்ளியின் நிழலில் இருந்தது. வெளியே சுதந்திரமாக இருக்கும் பல்லிக்கு நூறு இடம். பெட்டிக்குள் இருக்கும் பல்லிக்கு நாம் கொடுத்த இடம் மட்டும். ஊர்வனவற்றால் தம் உடலுக்குள் வெப்பத்தைச் சீராக்க முடியாது. அவை இடம் மாறித்தான் சீராக்குகின்றன. இடம் மாற இடமில்லாத பெட்டி, அந்தப் பிராணியின் ஒரே மருந்தைப் பறித்துவிடுகிறது.

சிறுத்தைப் பல்லிக்கு வேண்டியது, ஒரு பக்கத்தில் 31 முதல் 33 பாகை வரையான சூடான தளம், மறுபக்கத்தில் 25 பாகையை ஒட்டிய குளிர்ந்த மூலை. பெட்டி முழுவதும் 35 பாகையைத் தொட்டு அப்படியே நின்றால் ஆபத்து. ஓரிரண்டு பாகையில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் இதன் முட்டைகளைப் பற்றி அறிய வேண்டும். இந்த இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பது முட்டை இருந்த வெப்பநிலை. 26 பாகையில் அடைவைத்தால் ஏறக்குறைய எல்லாம் பெண். 32.5 பாகையை ஒட்டினால் பெரும்பாலும் ஆண். 34 பாகைக்கு மேலே போனால் மறுபடியும் பெரும்பாலும் பெண். ஒன்றரைப் பாகை வித்தியாசம் ஒரு தலைமுறையின் பாலையே புரட்டிப்போடும் உடலுக்கு, நாம் கைவிசிறியோடு சமாளித்துவிடும் இரண்டு பாகை சின்ன விடயம் அல்ல.

இன்னொரு வாதமும் கேட்கலாம். "பொந்து இருக்குத்தானே, சூடு கூடினால் அது போய் ஒளிந்துகொள்ளும், சாகாது." ஒளிந்துகொள்ளும் என்பது சரி. ஆனால் ஒளிந்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2010 இல் பர்ரி சினர்வோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, மெக்சிக்கோவில் 200 இடங்களில் 48 வகையான பல்லிகளைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 1975 இலிருந்து உள்ளூர்க் கூட்டங்களில் 12 வீதம் அழிந்துபோயிருந்தன. அவர்கள் கண்ட காரணம், பல்லிகள் வெயிலில் வெந்து விழுந்தன என்பதல்ல. வெப்பமான மணித்தியாலங்கள் கூடக்கூட அவை பொந்துக்குள்ளேயே கிடந்தன, இரை தேடும் நேரம் சுருங்கியது, முட்டையிடும் பருவத்துக்கு வேண்டிய சத்து உடலில் சேரவில்லை. அவை பகலில் உலவும் இனங்கள். நமது பெட்டிப் பல்லி இரவாடி. அந்த வேற்றுமையை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பாடம் அப்படியே பொருந்தும். கண்ணாடிப் பெட்டி இரவிலும் ஆறாவிட்டால், பொந்தை விட்டு வெளியே வராத பல்லி தின்னாது. தின்னாத பல்லியின் வால் மெலியும். வால்தான் அதன் கொழுப்புக் களஞ்சியம். வாய் பிளந்து மூச்சு வாங்கும் வரை பார்த்திருந்து, அப்போதுதான் சூடு என்று முடிவு கட்டுபவர்கள் பல கிழமைகள் பிந்திவிட்டார்கள்.

சரி, ஓமந்தைக்கு வருவோம். நமது ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பிறகு ஓகஸ்ட் முடிவு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் போகும். ஆனி நடுவரையில் உச்சியிலிருந்து பதினான்கு பாகைக்கு மேல் வடக்கே சரிந்திருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் "பெட்டியை வடக்கு யன்னலோரம் வையுங்கள், அங்கே வெயில் விழாது" என்று சொல்கின்றன. லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அது சரி. நமக்கு, நமது வெயில் காலத்திலேயே, அது தவறு. காலையிலும் பின்னேரத்திலும் வடக்கு யன்னல் வழியே சரிந்த வெயில் உள்ளே வரும். காண்டாவனம் என்று நாம் சொல்லும் அந்த வைகாசி நாட்களிலும் அதற்குப் பிறகும் பாதுகாப்பான பக்கம் தெற்குச் சுவர். ஐப்பசிக்குப் பிறகு கதை மாறும், ஆனால் அப்போது மாரி வந்துவிடும். எந்தக் காலத்திலும் மேற்குச் சுவர் வேண்டாம். பகல் முழுக்கச் சூடேறிய வீட்டின் மேல் பின்னேர வெயிலும் சேர்ந்து அந்தச் சுவரை அறைகிறது. சீமெந்துக் கல் அந்தச் சூட்டை வாங்கி இரவு பத்து மணி வரை உள்ளே விடும்.

சுவரைவிடக் கூரை பெரிய எதிரி. சூரியன் உச்சியில் நிற்கும் ஊரில் வெயில் விழுவது பெரும்பாலும் கூரையில். தகரத்தின் கீழ் நின்றால் தலை கனப்பது காற்றின் சூட்டினால் மட்டுமல்ல. சூடேறிய தகரமே ஒரு அடுப்பைப் போலக் கீழ்நோக்கிக் கதிர்வீசுகிறது. காற்றை அளக்கும் வெப்பமானி அதை முழுதாகக் காட்டாது. கிடுகு, பனையோலை, ஓடு மூன்றும் தகரத்தைவிட நல்லவை என்று நமது முன்னோர் கட்டிய வீடுகளுக்குத் தெரியும். தகரத்தை மாற்ற வசதியில்லாதவர்கள் அதன் மேல் கிடுகு விரிக்கலாம், அல்லது வெள்ளை பூசலாம், அல்லது பெட்டி இருக்கும் மூலைக்கு மட்டும் உள்ளே ஒரு கிடுகுத் தட்டியைத் தகரத்திலிருந்து ஒரு முழம் கீழே கட்டலாம். அந்த ஒரு முழக் காற்று இடைவெளி செய்யும் வேலையை எந்தக் கருவியும் செய்யாது. கூரைக்கு மேலே ஒரு வேம்போ புளியோ நின்றால் நீங்கள் பாக்கியசாலி.

கண்ணாடித் தொட்டியைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அது மீனுக்காகச் செய்யப்பட்டது. தண்ணீர் நிறைந்த தொட்டியில் தண்ணீரே வெப்பத்தை மெதுவாக்கும். தண்ணீர் இல்லாத கண்ணாடித் தொட்டி வெயிலை உள்ளே விடுகிறது, உள்ளே சூடான தரை திருப்பி வீசும் வெப்பத்தை வெளியே விட மறுக்கிறது, காற்றையும் அடைத்து வைக்கிறது. நேரடி வெயில் அரை மணி நேரம் விழுந்தாலே போதும், உள்ளே இருப்பது உயிர் பிழைப்பது அரிது. அழகாகத் தெரிகிறதே என்று கேட்பவர்களுக்கு, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வையுங்கள், மற்றப் பக்கங்களைப் பலகையாலோ செங்கல்லாலோ கட்டுங்கள், மேலே கம்பி வலை போடுங்கள் என்பேன். சிறுத்தைப் பல்லியின் விரல்களில் வீட்டுப் பல்லிக்கு இருப்பதுபோல ஒட்டும் பட்டைகள் இல்லை. ஆனாலும் நகம் உண்டு, செங்கல்லில் ஏறும். வலை வேண்டும். பூனைக்கும் எலிக்கும் பாம்புக்கும் எதிராகவும் அந்த வலை வேண்டும்.

இனி உபாயங்களுக்கு வருவோம். மின்விசிறிக் காற்று நமக்குக் குளிர்வது நமது வியர்வையால். பல்லிக்கு வியர்வை இல்லை. 35 பாகைக் காற்றை அதன் மேல் ஊதினால், 35 பாகைக் காற்றுத்தான் படும், அதோடு உடல் நீரும் வற்றும். பெட்டிக்குள் தேங்கிய சூட்டை வெளியேற்ற விசிறி உதவும், அவ்வளவுதான். ஐஸ் போத்தல் பலரின் நம்பிக்கை. ஒரு லீற்றர் ஐஸ் உருகி முடிய உறிஞ்சும் வெப்பம், நூறு வாட் பல்ப் ஒன்று ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கக்கும் வெப்பத்துக்குச் சமன். ஆறு மணித்தியாலப் பகல் வெக்கைக்கு அது எம்மாத்திரம்? பெட்டியின் ஒரு மூலை சில்லிட்டு, மறுபடி கொதித்து, மறுபடி சில்லிடும். போத்தலில் வியர்த்த நீர் தரையை நனைத்துப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். மின்சாரம் நிற்கும் நாளில், ஒரு அவசரத்துக்கு, வலைக்கு மேலே துணியில் சுற்றி வைக்கலாம். அன்றாட முறையாக வேண்டாம். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் தெளிப்பது இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாத இடத்தில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். வறண்ட நிலத்துப் பல்லிக்குச் சூடும் ஈரமும் சேர்ந்தால் சுவாச நோய் வரும்.

ஆனால் தண்ணீரைச் சரியாகப் பயன்படுத்தினால் அதைப்போல நல்ல கூட்டாளி வன்னியில் இல்லை. இங்கே நமது காலநிலை நமக்குக் கைகொடுக்கிறது. சோளகமும் கச்சானும் வீசும் மாதங்களில் பின்னேரக் காற்று வறண்டிருக்கும். 35 பாகையும் 50 வீத ஈரப்பதனும் இருந்தால், காற்றுப் படும் நனைந்த பரப்பு 26 பாகையை ஒட்டும் வரை குளிரக்கூடும். இதுவே மழை இருட்டிய நாளில், 30 பாகையும் 85 வீதமும் என்றால், இரண்டு பாகையளவுதான் இறங்கும். ஆகவே எப்போது அதிகம் தேவையோ அப்போது அதிகம் குளிரும். மண்கூசாவில் தண்ணீர் ஆறுவது இந்த விதியால்தான். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில், ஒரு பானைக்குள் இன்னொரு பானை வைத்து நடுவில் ஈரமணல் நிரப்பிக் காய்கறியைக் காக்கும் முறையைக் கிராமம் கிராமமாகப் பரப்பியதும் இதே விதியால்தான். பல்லிக்கு, சுடுமண்ணால் செய்த சிறிய கூசா ஒன்றைத் தண்ணீர் நிரப்பி, வாயை இறுக மூடி, பெட்டியின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். மண்ணின் நுண்துளை வழியே கசிந்து ஆவியாகும் நீர் அந்தப் பானையைக் குளிர வைத்திருக்கும். பல்லி தானாக வந்து அதில் சாய்ந்துகொள்ளும், போதும் என்றால் விலகும். மேலே வலை இருப்பதால் ஈரம் தங்காது. பக்கத்தில் உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேலும் சுற்றிலும் மண்ணைக் கனமாகக் குவித்துவிட்டால் அதுவே புற்று, அதுவே வளை.

பெட்டியை மேசையில் ஏற்றாதீர்கள். சூடான காற்று மேலே நிற்கும், நிலம் எப்போதும் ஆறியிருக்கும். சாணம் மெழுகிய மண்நிலமோ பளபளப்பான சிவப்புச் சீமெந்து நிலமோ எதுவானாலும், தகரக் கூரையின் கீழ் மேசை உயரத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கையை வைத்தே உணரலாம். நிலத்தில் வைத்தால் எறும்பு வரும் என்று சொல்வார்கள். உண்மை, எறும்பு பல்லியைக் கடித்தே கொல்லும். அதற்குக் குசினி அலுமாரிக்குச் செய்கிற பழைய வழியே போதும். பெட்டிக்கு நாலு விரல் உயரக் கால் வைத்து, ஒவ்வொரு காலையும் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துங்கள். நுளம்பு பெருகாமல் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

"ஏசி போட்ட அறையில் வைத்தால் இத்தனை பாடு எதற்கு?" என்று கேட்கலாம். போட முடிந்தால் போடுங்கள். ஆனால் அதை நம்பி ஓர் உயிரை வைக்காதீர்கள். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏற்படுத்திய கோளாறால் நாடு முழுவதும் இருண்டது. மண்சுவரும் கிடுகும் கூசாவும் கரண்ட் போகும் நேரம் பார்ப்பதில்லை. இது ஏழை நாட்டுப் பேச்சு மட்டும் அல்ல. 2022 ஜூலை 19 இல் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. அந்நாட்டு வீடுகள் சூட்டை உள்ளே வைத்திருக்கக் கட்டப்பட்டவை. அங்கே பல்லி வளர்க்கும் நமது பிள்ளைகளுக்கும் இனிமேல் வேண்டியது வன்னி வீட்டின் அறிவுதான்.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது, அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். தகரக் கொட்டிலில் மனிதரே வேகும் ஊரில் பல்லிக்குக் குளிர்ச்சி தேடுவது நியாயமா? செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் 2009 இலிருந்து 2012 வரை தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் வெக்கையைக் குடித்த மக்கள் இந்த மாவட்டத்திலும் அயல் மாவட்டங்களிலும் வாழ்கிறார்கள். மீள்குடியேறிய பிறகும் பலருக்குக் கிடைத்தது தகரமே. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. என் பதில் இது. நான் இங்கே சொன்ன எதுவும் மனிதரிடமிருந்து எடுத்துப் பல்லிக்குக் கொடுப்பதல்ல. கூரைக்குக் கீழ்க் கட்டும் தட்டி, மேற்குச் சுவருக்கு வெளியே நடும் மரம், காற்றோட்டம், மண்பானை எல்லாம் முதலில் அந்த வீட்டின் குழந்தைக்கும் முதியவருக்கும் பயன்படும். பெட்டியை மட்டும் குளிர வைக்கும் வழி எதுவும் உண்மையில் வேலை செய்யாது என்பதுதான் இவ்வளவு நேரமும் நான் காட்ட முயன்றது. வீடு ஆறினால் பெட்டி ஆறும். அடைபட்ட இடத்தில் நகர வழியில்லாமல் வெக்கையைத் தாங்குவது என்னவென்று அறிந்த மக்கள், இன்னோர் உயிரை அப்படி அடைத்து வைக்க எளிதில் சம்மதிக்கமாட்டார்கள் என்றும் நம்புகிறேன்.

அதனாலேயே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காட்டிலிருந்தும் புற்றிலிருந்தும் பல்லியைப் பிடித்து வந்து பெட்டியில் போடாதீர்கள். 1937 இல் வந்து 2009 இல் விரிவாகத் திருத்தப்பட்ட தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது ஊர்வனவற்றில் பெரும்பாலானவற்றைக் காக்கிறது. வெளிநாட்டு இனத்தைக் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். யாரோ விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. நியூ கலிடோனியாவிலிருந்து வந்த கொண்டைப் பல்லி போன்ற, 28 பாகைக்கு மேல் தாங்காத இனங்களை இங்கே வளர்க்கவே கூடாது. அதை எந்தக் கூசாவும் காப்பாற்றாது.

வளர்த்தே தீருவேன் என்று இருந்தால், பல்லியை வாங்கும் முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். பெட்டி வைக்க நினைத்திருக்கும் மூலையில், நிலத்தோடு ஒட்டி, காண்டாவனத்தின் ஏழு நாட்கள் பின்னேரம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். மூன்று மணிக்கு 32 பாகையைத் தாண்டினால், அல்லது பத்து மணிக்கும் 30 பாகையிலிருந்து இறங்காவிட்டால், முதலில் கூரையைக் கவனியுங்கள். பல்லியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.